முதலில் சாயம், பிறகு படம்

பேருந்து ஆலப்பாக்கம் தாண்டியபோது அந்தோணியின் போன் வந்தது. "ஆஸ்பத்திரிக்கு வர வேணாம் சார். நேரா வீட்டுக்கு வந்துடுங்க" என்றார். அவர் மனைவி ஜெசிந்தாவைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். கையிலிருந்த சாத்துக்குடிப் பையை என்ன செய்வதென்றுதான் கடலூர் வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜெசிந்தாவோடு வேலை செய்த உங்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் ரயிலேறிச் சிதம்பரம் வந்து, எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஸ்டெம் செல்களைக் கொண்டு ரத்தக் குழாய்களை வளர்த்தவர். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் தோலோ தசையோ கொஞ்சம் தடித்தாலே, உள்ளே ரத்தம் போகாமல் செத்துவிடும். அதற்குள் ஒரு குழாய் வலையை உண்டாக்குவதுதான் எங்கள் இருவரின் பாடு. ஜெல்லுக்குள் விட்ட செல்கள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து, முருங்கைக் கிளை போலப் பிரியும். பார்க்க அழகாக இருக்கும். பெரும்பாலும் அழகோடு சரி.

எங்கள் ஆய்வுத் திட்டத்தை நீட்டிக்கலாமா என்று பார்க்க, நிதி கொடுப்பவர்களின் குழு வந்த அன்று, நுண்ணோக்கித் திரையில் அப்படியொரு வலை ஜொலித்தது. வந்தவர்கள் திருப்தியாகத் தலையாட்டினார்கள். படத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று நான் ஜாடை காட்டினேன். ஜெசிந்தா கண்டுகொள்ளவில்லை. குழாய் கசியாமல் தாங்குமா என்று பார்க்க, ஊசியில் நீலச் சாயத்தை எடுத்து எல்லார் முன்னாலும் உள்ளே செலுத்தினார். பாதி வழியில் சாயம் கசிந்து ஜெல் முழுக்க நீலமானது. நீட்டிப்பு கிடையாது, மிச்சமிருக்கும் மாதங்களோடு சரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

டீக்கடையில் வைத்து ஜெசிந்தாவிடம் சத்தம் போட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எங்க ஊட்டுக்காரரு காலுக்குத் தோல் ஒட்டுனப்ப, போட்டோ புடிச்சு சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்புனேன் சார். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. அடியில ரத்தம் வரல. கசிஞ்சா கசிஞ்சுதுன்னு சொல்லிடணும்."

சர்க்கரைப் புண்ணால் அந்தோணியின் பாதத்தை எடுத்தது எனக்குத் தெரியும். இந்தப் போட்டோ கதை தெரியாது. கேட்ட பிறகும் என் கோபம் முழுதாகத் தணியவில்லை. இன்றும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

அடக்கம் முடிந்து ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினேன். மருத்துவமனையில் சேருமுன் அவர் வைத்துவிட்டுப் போன கடைசித் தட்டு, செல் வளர்க்கும் பெட்டிக்குள் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அத்தனை நெருக்கமான வலையை நாங்கள் வளர்த்ததே இல்லை. இந்தப் படத்தை அனுப்பி மறுபடி கேட்டால் திட்டம் பிழைத்துவிடும் என்று தோன்றியது. படத்தை மட்டும் எடுத்தால் கேட்பாரும் இல்லை.

எழுந்துபோய் ஊசியில் சாயத்தை எடுத்தேன். முன்பு கசிந்த தூரத்தைத் தாண்டி நீலம் ஓடியது. கிளை கிளையாகப் போனது. இந்தத் தடவை போய்ச் சேர்ந்துவிடும் என்றே நினைத்தேன். கடைசி வளைவில் கசிந்தது.

அதன் பிறகே படம் எடுத்தேன். கீழே 'கசிந்தது' என்று எழுதி, கறையோடு அந்தக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும்.

ஜெசிந்தா மேடம், உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான். அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விடவில்லை.