தட்டில் நடுங்கிய டம்ளர்கள்

எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் அந்தக் 'கிணுகிணு' சத்தம் எங்கே கேட்டாலும், ஓட்டலில் கேட்டால்கூட, என் கண் முதலில் போவது மேலே தொங்கும் விளக்குக்குத்தான்: ஆடுகிறதா?

எழுபதுகளின் தொடக்கத்தில் தி.நகரில், பஸ் போகும் சாலையை ஒட்டிய பழைய வீடொன்றில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது. டீச்சர் நிலநடுக்கப் பாடம் நடத்திய நாளிலிருந்து அதே பைத்தியமாகி, காலி இங்க் புட்டியை ஜன்னலில் தலைகீழாக நிறுத்திவைத்து, அது விழுந்ததும் "பூகம்பம்!" என்று இரண்டு முறை தெருவுக்கு ஓடினேன். இரண்டு முறையும் போனது பஸ்தான். "இன்னா பாப்பா, பூமிக்கு இன்னிக்கு லீவா?" என்று பக்கத்துப் போர்ஷன் மெக்கானிக் மாமா அப்புறம் தினமும் கேட்பார்.

அக்காவைப் பெண் பார்க்கத் திருவல்லிக்கேணியிலிருந்து வந்தார்கள். முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. கதவிடுக்கில் எட்டிப்பார்த்த அக்காவுக்கோ இந்த மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. காபித் தட்டோடு அவள் கூடத்தில் கால் வைத்த நொடியில் ஆறு டம்ளரும் கிணுகிணுத்தன, காபி தளும்பி வழிந்தது, ஜன்னலில் என் புட்டி சாய்ந்தது. சாலையில் பஸ் எதுவும் இல்லை. "பூகம்பம்!" என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்திவிட்டு, நல்ல காரியத்தில் அபசகுனப் பேச்சு வேண்டாமென்று, அவசரமாகச் சிரித்தாள்: "ஒண்ணுமில்லீங்க, பொண்ணுக்குப் படபடப்பு, கை நடுங்கிடுச்சு."

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. 'நரம்புத் தளர்ச்சியாம்' என்று அன்று ராத்திரியே தரகர் மூலம் பதில் வந்தது.

மறுநாள் பேப்பரில், சென்னையில் லேசான நில அதிர்வு என்று நாலு வரி போட்டிருந்தான். அதை வெட்டியெடுத்துக்கொண்டு அப்பா அவர்கள் வீட்டுக்கு ஓடினார்; நானும் ஒட்டிக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா நிதானமாகப் படித்துவிட்டுச் சொன்னாள்: "ஊரு நடுங்குச்சு, சரி. கை நடுங்குச்சுன்னு உங்க வீட்டம்மாதானே சொன்னாங்க? பெத்தவளுக்குத் தெரியாதா?" அப்பா அந்தத் துண்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் யார் பார்க்க வந்தாலும், தட்டைத் தூக்கியதுமே அக்காவின் கை நிஜமாகவே நடுங்கியது. பிறகு யாரும் வரவில்லை. எனக்குக் கல்யாணம் ஆனது.

அந்த வீட்டை இடித்து ஐந்து மாடித் துணிக்கடை கட்டிவிட்டார்கள். எந்தப் பஸ் போனாலும் அது அசைவதில்லை. அப்பா பர்ஸில் வைத்திருந்த அந்த நாலு வரி மடிப்பிலேயே இற்றுப்போய்விட்டது. சில வருஷங்களுக்கு முன் மறுபடி லேசாக அதிர்ந்தபோது, எங்கள் அபார்ட்மென்ட் மாடிப்படிகளில் தடதடவென்று ஜனம் இறங்க, அடையாற்றில் தனியாக இருக்கும் அக்காவுக்குப் போன் செய்து, "தெரிஞ்சுதா அக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கெப்படிடி தெரியும்? என் கைதான் தினமும் ஆடுதே."