முப்பத்தொரு மீற்றர்

மரணத்தின் வாசலைத் தொட்டுத் திரும்பியவன் பொய் சொல்லமாட்டான். இரவிச்சந்திரன் சொல்லுவார். வயதைக் கேட்டால் பொய் சொல்லுவார், சம்பளத்தைக் கேட்டால் பொய் சொல்லுவார். ஆனால் பெப்ரவரி பதினைந்து, சனிக்கிழமை நடந்ததை மட்டும் ஒரு சொல் கூட்டாமல், குரல் ஏற்றாமல் சொல்கிறார். அதனால்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

மொன்றியல் புறநகரான புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வையாளர் வேலை. மிச்ச நேரத்தில் மொன்றியல் தமிழ்ப் பனிமலைக் கழகத்தின் தலைவர். செயலாளர், மனைவி துஷாந்தினியின் தம்பி பிருந்தன். வேறு உறுப்பினர் கிடையாது. பனிச்சரிவு பற்றித் தலைவர் இணையத்தில் இரண்டு மணித்தியால வகுப்பொன்று படித்திருந்தார். அந்தச் சான்றிதழ் வரவேற்பறையில் சாமிப்படத்துக்கு மேலே தொங்குகிறது.

முதல்நாளே ஒன்பது மணித்தியாலம் காரோடி கஸ்பே மலைப்பக்கம் போய்த் தங்கிவிட்டார்கள். அடிவாரப் பலகையில் அன்றைய பனிச்சரிவு ஆபத்து எழுதியிருந்தது. ஐந்தில் மூன்று.

"அத்தான், மூண்டெண்டால் வலு கவனமெண்டெல்லோ போட்டிருக்கு?"

"அஞ்சுக்கு மூண்டு. அறுவது வீதம். பாஸ்தானேடா, நட!"

மதியம் 2.07. இரவு அடித்த காற்று பனியைச் சரிவில் குவித்து வைத்திருந்தது. மேலே பலகைபோல் இறுகிய பனி. அடியில் சீனிபோல் உதிரி. இப்படிப்பட்ட சரிவில் ஏறவே கூடாது என்று இரவிச்சந்திரன் அழகாக விளக்கினார். ஏறிக்கொண்டுதான் விளக்கினார்.

பிருந்தன் முப்பது அடி முன்னால் போனான்.

2.19. காலுக்கடியில் ஒரு சத்தம். வும்ம்... மலை மூச்சு விட்டதுபோல. பனியில் ஒரு கோடு விழுந்து, ஓடி, அகன்றது. பிறகு எல்லாம் வெள்ளை.

கண் திறந்தபோது இரவிச்சந்திரன் இடுப்பளவு பனிக்குள் நின்றார். பிருந்தனைக் காணவில்லை.

"பிருந்தன்! டேய்!"

சத்தமில்லை. பதினைந்து நிமிடத்துக்குமேல் பனிக்குள் மூச்சு நிற்காது என்பது மட்டும் வகுப்பிலிருந்து ஞாபகம் வந்தது.

இருவர் நெஞ்சிலும் ஒவ்வொரு கருவி. துஷாந்தினி வாங்கித் தந்தவை. ஒருவர் புதைந்தால், எத்தனை மீற்றர் தூரத்தில் என்று மற்றவரின் கருவி காட்டும். மலை ஏறமுன் இரண்டையும் இயக்கிச் சோதிக்க வேண்டும். சோதிக்கவில்லை.

'தேடு' பொத்தானை அழுத்தினார். எண் வந்தது.

31.

பயம் வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டதுபோல உள்ளே எல்லாம் மரத்திருந்தது. பனியை உதைத்தார். கால் அசையவில்லை.

2.23. எண் 24.

அவர் ஓரடிகூட நகரவில்லை.

17...

கருவியைத் தட்டிப் பார்த்தார். 11.

பனிக்கு அடியில் ஏதோ இழுபட்டது. சர்ர்ர்... நின்றது. சர்ர்ர்...

6.

2.26. எண் 0.8.

காலடியில்.

சத்தம் நின்றது.

தோள்பையிலிருந்த மண்வெட்டியால் தன் காலை மீட்டார். பிறகு தோண்டினார். 2.31க்கு ஒரு சிவப்புத் தொப்பி. அதன்கீழ் பிருந்தனின் முகம். உதடு நீலம். மூச்சு இருந்தது.

இருமினான். கண்ணைத் திறந்தான்.

"அத்தான்... மற்றாளையும் எடுங்கோ."

"ஆரடா மற்றாள்?"

"என்னை இழுத்துக்கொண்டு வந்தவர்."

பிருந்தனை வெளியே இழுத்துவிட்டு இரவிச்சந்திரன் குழிக்குள் பார்த்தார். பனி. வேறொன்றுமில்லை.

கருவி இன்னும் 0.8 என்றது.

அடிவாரத்தில் பூங்காக் காவலர் பெண்மணி பிருந்தனைக் கம்பளியால் சுற்றினாள். அந்தச் சரிவில் முந்தின குளிர்காலம் ஒரு மனிதர் தனியாகப் புதைந்தாராம். மே மாதம் பனி உருகின பிறகுதான் எடுத்தார்களாம். சரியாக எந்த இடத்தில் என்று இரவிச்சந்திரன் கேட்கவில்லை.

ஞாயிறு இரவு வீட்டில் கதையைச் சொன்னார். தம்பியின் தலையைத் தடவியபடி கேட்ட துஷாந்தினி இடையில் நிறுத்தினாள்.

"என்ன, நம்பர் காட்டினதோ? அதுக்குள்ள பற்றரியே இல்லையப்பா."

"என்ன?"

"பற்றரிப் பைக்கற்றை உடைச்சால் கடையில திருப்பி எடுக்கமாட்டாங்கள். ரெண்டுக்கும் போடேல்லை. மேசை லாச்சிக்குள்ள கிடக்கு, பாருங்கோ."

பார்த்தார். பைக்கற் உடையாமல் கிடந்தது. கருவிகளின் பின்மூடியைத் திறந்தார். இரண்டும் வெறுமை.

அடுத்த சனிக்கிழமை இரண்டையும் கடையில் கொடுத்து, முழுக்காசையும் திருப்பி வாங்கிக்கொண்டார்.