எது புதுப் படம்?

டாக்டர் இருந்தார். ஒரு நர்ஸ் இருந்தார். என் மனைவி பார்வதி இருந்தாள். அவள் தம்பி மணியம் இருந்தான். அப்புறம் நான்.

போன வியாழக்கிழமை, ஆஸ்பத்திரியில். சுவரில் விளக்குப் பெட்டி. அதில் இரண்டு ஸ்கேன் படங்கள் — ஒன்று கீமோ ஊசி தொடங்கும் முன் எடுத்தது, மற்றது முந்தின நாள் எடுத்தது. இரண்டிலும் பார்வதியின் நெஞ்சு. நெஞ்சுக்குள் கட்டி.

ஊசி போடப் போட பார்வதி பாதியாகிவிட்டாள். சோறு இறங்கவில்லை. முடி எல்லாம் போயிற்று. பசாரில் காய் வாங்கும்போது ஒரு அம்மாள், "தண்ணீர்மலைக் கோயில்ல மொட்டை போட்டீங்களாக்கா?" என்று கேட்டார். "ஆமாலா" என்றாள் இவள். வேறு என்ன சொல்வது?

"கட்டி குறையலன்னா ஊசிய நிப்பாட்டிடலாங்க. எனக்கு முடியல" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். சரி என்றேன். அவளைப் பார்த்தால் யார்தான் நிறுத்தாதே என்பார்கள்?

ஒரு படத்தில் கட்டி பெரிது. மற்றதில் கச்சான் கொட்டை — நிலக்கடலை — அளவு.

மணியம் பாயான் பாரு பக்கம் ஒரு தொழிற்சாலையில் ரேடியோ பாகங்களைப் பூட்டுகிறவன். அக்காவைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். பெரிய கட்டியைக் காட்டி, "இவ்ளோ வளந்துருச்சே மாமா!" என்றான்.

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். பார்வதி அழவில்லை. எழுந்து நின்றாள்.

"போதும் டாக்டர். நாங்க வீட்டுக்குப் போறோம்."

டாக்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். மெதுவாகப் பேசுகிறவர்.

"இருங்கோ அம்மா. மாறிப் பார்க்கிறீங்கள். அது பழைய படம். சின்னதுதான் நேற்று எடுத்தது. மருந்து வேலை செய்யுது."



ஆளைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்தோம் — மூன்று பேரும். ஆள் இளைத்தால் நோய் வளர்கிறது என்றுதானே நினைப்போம்? இங்கே ஆளும் கட்டியும் சேர்ந்தே இளைத்திருக்கிறது... வெளியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்? படம் எடுக்காமல் இருந்திருந்தால் ஊசியை நிறுத்தியிருப்போம்.

மணியம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான் ரேடியோவோட நிறுத்திக்கிறேன்லா" என்றான். நர்ஸ் சிரித்துவிட்டார்.

பார்வதி சிரிக்கவில்லை. மறுபடி உட்கார்ந்தாள்.

"அப்ப நிப்பாட்ட முடியாதா?"

"இப்ப நிப்பாட்டக் கூடாது அம்மா."

"இன்னும் எத்தனை ஊசி?"

"நாலு."