அப்பா சொன்ன சாட்சி

பரந்தனில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு கிறிஸ்தவ சபை இருக்கிறது. ஞாயிறு காலையில் ஒலிபெருக்கியில் யாராவது, "நான் பெரிய பாவியா இருந்தனான்" என்று சாட்சி சொல்லத் தொடங்கினால் நான் செய்கிற வேலையை விட்டுவிட்டுக் காது கொடுப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் தர்மபுரத்தில் இருந்தோம். அப்பா கூத்தில் ராசா வேஷம் கட்டுகிறவர். அவர் அங்கே இருந்த சபையில் சேர்ந்ததும் அவருக்காகவே அம்மாவும் பொட்டை அழித்துவிட்டுப் பின்னால் போனார். ஓலைக் கொட்டிலில் நடந்த ஜெபத்தில் அப்பா முதல் சாட்சி சொன்னார். குரல் நடுங்க, கண்ணீர் வழிய, "குடிச்சுப்போட்டு வந்து மனிசிக்கு உலக்கையால அடிச்சனான்" என்றார். சனம் அழுதது. அப்பா கள்ளைத் தொட்டதே இல்லை.

வரும் வழியில் அம்மா கேட்டார்: "இஞ்சருங்கோ, எப்ப எனக்கு அடிச்சனீங்கள்?"

"கூத்திலையும் உப்பிடித்தானே. முதல் கெட்டவனா வந்தாத்தான் பிறகு திருந்தினது சனத்துக்கு விளங்கும்."

"அப்ப நான் ஆர்? உங்கட கூத்தில அடிவாங்கிறவளோ?"

அப்பா சிரித்தார். மறுநாள் வாய்க்காலில் குளிக்கும்போது பெண்கள் அம்மாவின் முதுகில் தழும்பு தேடினார்கள். "பாவம், இவ்வளவு காலமும் மறைச்சிருக்கிறா" என்றாள் ஒருத்தி. அம்மா இல்லையென்று சொல்லச் சொல்ல அவர்களுக்கு இரக்கம் கூடியது.

ஒலிபெருக்கியில் சாட்சி கேட்கிறபோதெல்லாம், சபையின் பெண்கள் பக்கத்தில் யாருடைய மனைவி தலைகுனிந்து இருக்கிறாளோ என்றுதான் இன்றும் எனக்கு யோசனை ஓடுகிறது.