ஃப்ரெஷ் ப்ரீஸ் என்றால் இதமான காற்று அல்ல

“இதமான காத்துன்னு நீங்கதானக்கா சொன்னீக? எங்க வீட்டுக்காரரு வலைய அறுத்து விட்டுட்டு உசுரு மட்டும் மிச்சம்னு வந்து உக்காந்திருக்காரு. உங்க இதத்தை நீங்களே வச்சுக்கங்க!”

பாம்பன் தீவிலிருந்து மரியரோஸ் போனில் இப்படிக் கத்தியபோது, நான் தென்காசியில் தோசைக்கல் முன்னால் நின்றிருந்தேன். கடலைக் கண்ணால் பார்க்காமலே கடலோடு வாய் கொடுக்கிற வேலை என்னுடையது. அங்கே இப்போது எந்தக் காற்று எந்த மாதத்தில் வரும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. அதனால் ஒரு தொண்டு நிறுவனம் கடல் வானிலை அறிக்கையை ஆங்கிலத்தில் எனக்கு அனுப்பும். நான் தமிழில் பேசி வாட்ஸப் குழுவில் போடுவேன். மரியரோஸ் அதை மாதா கோயில் மைக்கில் ஒலிபரப்புவாள். ‘வீட்டிலிருந்தே செய்யலாம்’ என்ற சொல்லை நம்பித் தலையாட்டிய சகோதரிகளே, மீதியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

கான்வென்ட் படிப்பு

அன்றைய அறிக்கையில் ‘ஃப்ரெஷ் ப்ரீஸ்’ என்று இருந்தது. ஃப்ரெஷ் என்றால் புத்துணர்ச்சி, ப்ரீஸ் என்றால் தென்றல். சிஸ்டர் ஸ்கேலால் அடித்துச் சொல்லித் தந்த அர்த்தம், மறக்குமா? அதுவும் ஆனி மாதம். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கினால் தென்காசியே முகத்தை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்கும். ‘இன்று கடலில் இதமான காற்று’ என்று தேன் ஒழுகப் பேசி அனுப்பிவிட்டேன்.

வானிலைக்காரர்கள் அகராதியில் அது சின்ன வள்ளத்தை உலுக்கி எடுக்கிற காற்றின் பெயராம். மரியரோஸின் கணவர் சேசு அதில்தான் மாட்டியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது பழக்கமில்லாத காரியம், நாக்கு புரளவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டுச் சொன்னார்: “ஒன் இங்கிலீஷால எனக்கு மட்டும்தான் ஆபத்துன்னு இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன்.”

சீசன் நன்றாக இருக்கிறது

விட்டுவிட்டு ஓடுகிற சாதி நானில்லை. மரியரோஸையே வாத்தியாராக்கினேன். “கிலோமீட்டர் கணக்கெல்லாம் எங்களுக்கு வேணாம்க்கா. வள்ளம் எறக்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க” என்றாள். தென்மேற்கிலிருந்து வருவதை அவர்கள் கச்சான் என்கிறார்கள். நமக்குச் சாரல் கொண்டுவருகிற அதே காற்று. குற்றாலத்தில் கூட்டம் சேர்ந்தால் பாம்பனில் அடுப்பு அணைகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஒருநாள் வெளியூர் விருந்தாளிகளை மெயினருவிக்குக் கூட்டிப்போன இடத்தில் அவசர அறிக்கை வந்தது. சிப்ஸ் கடைக்குப் பின்னால் ஒதுங்கி, “கச்சான் வலுக்குது, வள்ளம் எறக்காதீங்க, இந்தக் காத்து நல்லதுக்கில்ல” என்று அருவி இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசினேன். கடைக்கார அண்ணாச்சி, “யம்மா, சீசனே இப்பதான் சூடு பிடிக்கி, வாய வச்சிராதிய” என்று பதறினார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் குழுவில் மூத்தவரான அந்தோணி ஐயாவின் குரல் வந்து விழுந்தது: “தாயி, ஒனக்குப் பின்னால கடல் இந்த எரைச்சல் எரையுதே! எங்களுக்குச் சொன்னது போதும், நீ மொதல்ல கரைக்கு வா!”

ஆஜர்

எச்சரிக்கை கொடுத்தால் மட்டும் போதாது, கேட்டார்களா என்று தெரிய வேண்டுமே. பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற வழியிலேயே இறங்கினேன். காற்று வலுக்கிற நாளில் நான் ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்ல வேண்டும், ஆள் கரையில் இருக்கிறாரா என்று அந்த வீட்டுப் பெண் பதில் சொல்ல வேண்டும். முதல் நாள் ஒரே சிரிப்பு. பிறகு பழகிவிட்டது. ஆனால் சேசு மட்டும் மசியவில்லை. வலை போனதிலிருந்து என் குரல் மைக்கில் வந்தாலே எழுந்து போய்விடுவாராம். மரியரோஸ் மறைக்காமல் சொன்னாள்: “மலையடிவாரத்துல இருக்குறவளுக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்னு கேக்குறாருக்கா. நான் என்னத்தச் சொல்ல?”

இன்று

விடிந்ததும் அறிக்கை வந்தது. ‘கூடாது’ என்று மூன்று முறை அழுத்திச் சொன்னேன். பெயர் கூப்பிட்டேன். எல்லா வீடும் பதில் சொல்லியாயிற்று, மரியரோஸ் வீட்டைத் தவிர. போன் அடிக்கிறது, எடுப்பாரில்லை. கோயில் மைக்கில் போட்டது கூட அவள் இல்லையாம், அந்தோணி ஐயாவாம். அவர் கடற்கரைக்கு வள்ளங்களை எண்ணப் போயிருக்கிறார். இங்கே தெருவில் எல்லோரும் சாரல் அருமை என்கிறார்கள். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

நாளைக்கும் அறிக்கை வரும், நாளைக்கும் பேசுவேன். அடுத்தவரைப் பேசவிடாமலே ஐம்பது வயதைத் தொட்ட எனக்கு, ஒரே ஒரு குரல் வராதா என்று காத்துக் கிடக்கிற உத்தியோகம் வாய்த்திருக்கிறது. நான்காவது தடவையாகக் குழுவில் பேசுகிற பொத்தானை அழுத்துகிறேன்.

“ஏட்டி மரியரோஸ், சேசு கரையில இருக்காரா? ஆமாவோ இல்லையோ, ஒத்த வார்த்தை சொல்லு.”