கைமாத்துக் குழுவும் ஒரு ரப்பரும்

வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினாக இருப்பது, யாரும் விண்ணப்பிக்காமலேயே கிடைக்கிற வேலை; ராஜினாமா செய்தால் மட்டும் ஒருவரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

பகலில் நான் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கண்டெய்னர் காகிதங்களோடு மல்லுக்கட்டுகிறவன். மிச்ச நேரமெல்லாம் 'கைமாத்து' என்ற புத்தகப் பரிமாற்றக் குழுவின் அட்மின். தன்னிடம் இருக்கிற புத்தகத்தை ஒருவர் படம் எடுத்துப் போடுவார், வேண்டுகிறவர் கேட்பார், புத்தகம் பஸ் ஏறிப் போகும். படித்தவர் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். கடைசியில் சொந்தக்காரரிடம் போய்ச் சேர வேண்டும். உங்களில் யாராவது இப்படி ஒரு குழுவை நடத்தினால், காலையில் குவியும் பூப்படங்களும் 'இனிய காலை வணக்கம்' செய்திகளும் என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்கே தெரியும். நாம் ஒரே வார்டில் படுத்திருக்கிற நோயாளிகள்.

பழுப்புக் காகிதப் பொட்டலம்

குழு தொடங்கிய புதிதில் அந்தோணி என்பவர் ஒரு தடித்த நாவல் கேட்டார். மாலத்தீவுக்குக் காய்கறியும் செங்கலும் ஏற்றிப் போகிற தோணியில் வேலை. நேரில் பார்த்ததில்லை. பழைய துறைமுகத்தின் கேட் அருகே நிற்கச் சொன்னார். பழுப்புக் காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தோடு நின்றேன். எனக்கு இயல்பாகவே ஒரு திருட்டு முழி உண்டு. பிள்ளை பிடிக்கிறவனோ என்று என் நிழலே சந்தேகப்படும். ஒல்லியாக ஒருவர் வந்தார். இருவரும் பெயரைக் கேட்டுக்கொள்ளக் கூச்சப்பட்டு, பேசாமல் பொட்டலத்தைக் கை மாற்றினோம்.

வாங்கியவர் அதை ஒரு பாலித்தீன் பையில் போட்டார். அந்தப் பையை இன்னொன்றில், அதையும் இன்னொன்றில். "உப்புத்தண்ணி படப்பிடாதுல்லா அண்ணாச்சி" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கேட் காவலர் வந்துவிட்டார். பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லி, காகிதத்தைக் கிழித்து, நாவலைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். ஒன்றும் விழவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு ஏமாற்றம்.

"இதுக்கா வே இம்புட்டுப் பதுங்குதீய? நான் தங்கம்லா இருக்கும்னு ஓடியாந்தேன்!"

மிளகாய் வாசம்

விளாத்திகுளத்திலிருந்து முத்துலட்சுமி சேர்ந்தார். குடும்பத்துக்கு மிளகாய் விவசாயம். வற்றல் காய்கிற களத்தில் ஆடுமாடு வராமல் காவல் இருக்கும்போது படிப்பாராம். பிடித்த பக்கத்தையெல்லாம் படம் எடுத்துக் குழுவில் போடுவார். ஒரு நாளைக்குப் பத்துப் படம் வந்தால் என் போன் மூச்சுத் திணறும். நான் அவ்வப்போது எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். அவரோ எதையும் அழிக்கிற ஆள் இல்லை.

அவரிடமிருந்து முதல் புத்தகம் எனக்குத் திரும்பி வந்ததும் ஆபீஸில் வைத்தே பிரித்தேன். தும்மினேன். பக்கத்து மேஜை தும்மியது. மேனேஜர் அறையிலிருந்தும் ஒரு தும்மல் கேட்டது. குடும்பக் கதையைப் படித்துக்கொண்டு கண்ணும் மூக்குமாக நான் ஒழுகி நின்றதை ஆபீஸே வேடிக்கை பார்த்தது. முத்துலட்சுமிக்கு போன் போட்டு முறையிட்டேன்.

"கத காரமா இருக்கும்னு நான் முதல்லயே சொன்னேன்லண்ணே?"

ஜெபராஜின் கேள்வி

பக்கத்து மேஜையில் அன்று தும்மியவர் ஜெபராஜ். என் வயதுதான். எதையும் நேரில் பார்த்தால்தான் நம்புவார். கண்டெய்னரைக்கூட ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். நான் டீ குடிக்கும்போதும் குழுவைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு எரிச்சல்.

ஒருநாள் அவர் கேட்ட கேள்வி எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. நான் சும்மாவே யோசித்து யோசித்துக் கெட்டுப்போகிற ஆள். ஐம்பதைத் தாண்டிய பிறகு புதிதாகச் சிநேகிதம் வாய்க்குமா? என் வீட்டு வாசலைக்கூட மிதிக்காதவர்களை நண்பர்கள் என்று சொல்லிக்கொள்வது என்னை நானே ஏமாற்றுவதா? அவர் கேட்டது இதுதான்:

"நாளைக்கு ஒமக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா, இந்தக் குரூப்புலருந்து எவம் வே வருவான்? கும்பிடு பொம்மதான் வரும்."

ஆலந்தலையிலிருந்து ஒரு புத்தகம்

ரோஸ்லின் அக்கா குழுவில் அதிகம் பேசாதவர். ஆலந்தலையில் தனியாக இருக்கிறார். கணவர் ஐஸ் கம்பெனியில் மிஷின் ஓட்டியவர், மாரடைப்பில் போய்விட்டார். அவர் படித்துக்கொண்டிருந்த நாவலை அக்கா குழுவுக்கு அனுப்பினார். முதலில் என் கைக்குத்தான் வந்தது.

ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. கதையைப் பற்றி ஒன்றுமில்லை; எல்லாம் மனைவியிடம் பேசுகிற பேச்சு. ஒரு கஞ்சன் வருகிற இடத்தில் 'ரோஸ், இது உன் தம்பியேதான்'. இன்னொரு பக்கத்தில் 'கரண்டு போச்சு. ஐஸ் உருகுது. நான் படிக்கேன்'. வேறொன்றில் 'மீன் கருகுது, ரோஸ் ஏசுதா, இந்த ஒரு பக்கம் மட்டும்'. நான் வாய்விட்டுச் சிரித்தேன். புத்தகம் கைமாறக் கைமாறக் குழுவே சிரித்தது. நாவலை விட்டுவிட்டு அந்தப் பென்சில் வரிகளைத்தான் ஆளாளுக்குப் படம் எடுத்துப் போட்டார்கள். பாதியைத் தாண்டி ஒரு பக்கத்தில் மட்டும் 'மீதி நாளைக்கு' என்றிருந்தது. அதற்குப் பிறகு எழுத்தே இல்லை. அந்தப் பக்கத்தைப் படம் போட யாருக்கும் மனம் வரவில்லை.

எதற்காக இதை வெளியே விட்டீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன்.

"அவிய பாதியில விட்டுட்டுப் போய்ட்டாவ அண்ணாச்சி. மீதிய யாராவது படிச்சா நல்லாருக்கும்லா. எனக்கு அந்தப் பக்கத்தத் தாண்ட முடியல."

சுத்தம்

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. பென்சிலில் கோடு போடலாம். ஆனால் அடுத்தவருக்கு அனுப்பும் முன் அழித்துவிட வேண்டும். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கி ஒப்புக்கொண்ட விதி. அக்காவின் புத்தகத்துக்கு அது பொருந்தாது என்று எங்களுக்குச் சொல்லத் தேவைப்படவில்லை.

ஆறுமுகநேரியிலிருந்து தர்மராஜ் சார் புதிதாகச் சேர்ந்தார். கெமிக்கல் கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழுவில் சேரும் முன் வந்த செய்திகள் புதியவர்களுக்குத் தெரியாது என்பது உங்களுக்கும் தெரிந்ததுதான். விதி மட்டும் அவருக்குத் தெரியும். அது குழுவின் முகப்பிலேயே இருக்கிறது. அக்காவின் புத்தகம் அவர் கைக்குப் போனபோது, அந்தப் பென்சில் எழுத்தைப் பற்றி வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். வரைபட ரப்பர் வைத்துத் தாளுக்கு வலிக்காமல் வேலையை முடித்துவிட்டு, சார் மகிழ்ச்சியாக ஒரு குரல் செய்தி அனுப்பினார்.

"எவனோ ரோஸ்னு ஒரு பொண்ணுக்குப் பக்கத்துக்குப் பக்கம் எழுதி வச்சிருந்தான் சார். பூராத்தையும் சுத்தம் பண்ணிட்டேன். இப்பம் புதுப் புஸ்தகம் மாதிரி இருக்கு!"

அக்காவுக்கு ஒரு போன்

யாரோ சாருக்கு விஷயத்தைச் சொல்ல, 'தர்மராஜ் வெளியேறினார்' என்று ஒரு வரி வந்தது. நானும் குழுவைக் கலைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு மனிதர் மனைவியிடம் பேசிய பேச்சையெல்லாம் நாங்கள் கூடி அழித்துவிட்டோம். ஜெபராஜ் சொன்னது சரிதானோ? முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்தால் இப்படித்தான் ஆகுமோ?

ஆனாலும் அக்காவுக்கு நான்தான் சொல்லியாக வேண்டும். சொன்னேன். அவர் அழவில்லை, ஏசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தக் கடைசிப் பக்கமும் போச்சா அண்ணாச்சி?"

எந்தப் போனில் என்ன இருக்கிறது

முத்துலட்சுமிதான் முதலில் வாயைத் திறந்தார். "அழிஞ்சது தாள்லதானண்ணே, என் போன்ல எல்லாம் அப்படியே கெடக்கு" என்று குழுவில் எழுதினார். தொடர்ந்து படங்கள் வரத் தொடங்கின. கஞ்சத் தம்பி வந்தார், உருகுகிற ஐஸ் வந்தது, கருகிய மீன் வந்தது. ஒருவர் பழைய போனைத் தோண்டி எடுத்தார். ஒருவர் மகளுக்கு அனுப்பிய படத்தைத் திரும்ப வாங்கினார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் போனோடு உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

தர்மராஜ் சாரை விட்டுவிட்டே வேலையை முடித்துவிடலாம், பாவம், அவருக்கும் சங்கடம் என்றேன். முத்துலட்சுமி என்னை ஒரு பிடி பிடித்தார்.

"முதல்ல அவரச் சேருங்கண்ணே. அவர வெளிய நிறுத்திட்டுத் தேடுனா, நாம குத்தம் சொல்லத் தேடுத மாதிரில்லா இருக்கும்?"

மாலேயிலிருந்து

சார் திரும்பி வந்தார். வந்த பிறகு அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. வரைபடம் போட்ட கண். மங்கலான படங்களைத் தெளிவாக்கி, பக்க வரிசையில் அடுக்கி, எது இருக்கிறது, எது இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரே ஒரு பக்கம்தான் பாக்கி. 'மீதி நாளைக்கு.' அழித்த தாளை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். அவர் அழித்தால் அழித்ததுதான், தடம்கூட இல்லை.

அந்தப் புத்தகத்தைப் படித்தவர்களில் பதில் சொல்லாதவர் அந்தோணி மட்டும். அவருடைய தோணி மாலத்தீவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுக்கடலில் சிக்னல் ஏது? நாங்கள் காத்திருந்தோம். அந்த நாட்களில் நான் கண்டெய்னர் காகிதங்களில் எத்தனை தப்பு விட்டேன் என்பது ஜெபராஜுக்குத்தான் தெரியும். அவரே எல்லாவற்றையும் திருத்தி வைத்தார். ஒரு மத்தியானம் போன் நடுங்கத் தொடங்கியது. மாலே துறைமுகத்து டீக்கடை ஒன்றின் வைஃபையிலிருந்து படங்கள் கொட்டின. அட்டை முதல் அட்டை வரை மொத்தப் புத்தகமும். 'மீதி நாளைக்கு' அதோ, சாய்ந்த எழுத்தில், பென்சில் அழுத்தம் வரைக்கும் தெரிய. ஆபீஸில் எழுந்து நின்று கை தட்டிவிட்டேன். ஏன் மொத்தத்தையும் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"செத்தவிய கைப்பட எழுதுனதுல்லா அண்ணாச்சி. மூணு பை போட்டாலும் கடல நம்ப முடியுமா? ஏத்துமுன்னயே ஒரு காப்பி எடுத்துட்டேன்."

ஆலந்தலை வீட்டில்

அந்தோணி கரை திரும்பியதும் எல்லோரும் ஆலந்தலைக்குப் போனோம். முத்துலட்சுமி ஒரு பை மிளகாய் வற்றலோடு வந்தார். பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து சீட் காலியாகவே இருந்ததாம். "அந்த ஆளுகள நேர்ல பாக்கணுமே வே" என்று ஜெபராஜ் தன் காரிலேயே என்னை ஏற்றிக்கொண்டார். படங்களை நல்ல தாளில் அச்சடித்து, பைண்டு செய்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தர்மராஜ் சார் வாசலில் நின்றார். உள்ளே போகக் கால் வரவில்லை. அக்காவே வெளியே வந்தார்.

நேராகக் கடைசி எழுத்து இருக்கிற பக்கத்தைத்தான் திறந்தார். பார்த்தார். பிறகு முன்பக்கங்களைப் புரட்டினார். கஞ்சத் தம்பியிடம் வந்ததும் சிரித்துவிட்டார். அந்தத் தம்பியே பக்கத்தில் நின்று எங்களுக்குக் கலர் ஊற்றிக்கொண்டிருந்தார், பாதி டம்ளர் மட்டும். வீடே அதிர்ந்தது. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பாதிப் பேரை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன். ஆனால் யாருக்கு எந்தப் பக்கத்தில் கண் கலங்கும் என்று எல்லோரைப் பற்றியும் எனக்குத் தெரிந்திருந்தது. என் முள் எப்போது விழுந்தது என்று தெரியவில்லை.

அழிக்கப்பட்ட அசல் புத்தகத்தைச் சார் தயங்கித் தயங்கி நீட்டினார். அக்கா அதை வாங்கிப் பாதிக்குமேல் பிரித்து, உள்ளேயிருந்து ஒரு பென்சில் கொண்டுவந்து, இரண்டையும் அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

"அவிய விட்ட எடத்துலருந்து நீங்க எழுதுங்க சார், பெறகு எல்லாரும் எழுதட்டும். பென்சில் நான் தாரேன். ரப்பர் மட்டும் யாரும் கொண்டாரப்பிடாது."

இந்த அட்மின் வேலைக்கு என்ன சம்பளம் என்று கேட்கிறவர்களுக்கு நான் இப்போது பதில் சொல்வதில்லை, அன்று அக்கா வைத்த மீன் குழம்புக்கு மூன்றாவது தடவை சோறு வாங்கிக்கொண்டே தன்னையும் குழுவில் சேர்க்கச் சொன்ன ஜெபராஜிடம் அனுப்பிவிடுகிறேன்.