சாம்பல் நிறப் பாஸ்போர்ட்டும் பூதலூர் மருமகளும்

ஆன்லைன் விண்ணப்பக் கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: ஓ.டி.பி. எந்த போனுக்கு வருமோ, அந்த போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் எல்லோரும் கடைக்கு வருவார்கள். தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கடையில், பி.காம். முடித்ததிலிருந்து நான் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பேச்சு குறைவு. கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதும் இல்லை என்பது இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பட்டா மாறுதல், பயிர்க் காப்பீடு, பான் கார்டு என்று ஆள் மாறினாலும் நிரப்பும் கட்டங்கள் மாறாமல் ஓடிக்கொண்டிருந்த இடத்துக்கு, இந்த வருஷம் வைகாசியில் பூதலூர் வசந்தா அம்மா வந்து சேர்ந்தார்.

பட்டியலில் இல்லாதவள்

வசந்தா அம்மாவுக்குப் பூதலூர் பக்கம் கொஞ்சம் நஞ்சை உண்டு. ஒரே மகன் பிரபு எஸ்தோனியாவுக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலை கிடைத்து, தையில் இரினா என்ற பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த பிரபுவின் நண்பர் கையில் அம்மா தாலியைக் கொடுத்தனுப்பி, வீடியோ காலில் பார்த்தபடி கட்டச் சொன்னாராம். இனி ஒரே ஒரு குறைதான். கல்யாணமான முதல் ஆடியில், பதினெட்டாம் பெருக்கன்று காவிரிக்கரையில் மருமகளுக்குத் தாலி பெருக்கிப் புது மஞ்சள் கயிறு மாற்ற வேண்டும். அதற்குள் அவளுக்கு விசா வாங்கியாக வேண்டும். பிரபு அங்கிருந்தே முயன்று பார்த்திருக்கிறார், பாதியிலேயே நின்றுவிட்டதாம். "நம்ம ஊர்க் கடைக்காரங்களுக்குத் தெரியாததா" என்று அம்மா எங்களிடம் வந்துவிட்டார்.

போனில் இருந்த பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அட்டை சாம்பல் நிறம். மேலே 'அந்நியர் பாஸ்போர்ட்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. பிறந்த நாடு எஸ்தோனியா. குடியுரிமை இருக்க வேண்டிய இடத்தில் 'வரையறுக்கப்படவில்லை'. ஆன்லைன் விண்ணப்பத்தின் நாடுகள் பட்டியலில் அப்படி ஒரு வரியே இல்லை. எங்கள் முதலாளி மாதவன் சார் எட்டிப் பார்த்து, "பொறந்தது எஸ்தோனியாதானே, அதையே போட்டு அனுப்பிடு" என்றார். நான் மெல்ல, அப்படிப் போட்டால் நிராகரித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு ஆடிக்குள் ஒன்றும் நடக்காது என்றேன். நான் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசியதே அவருக்கு அதிர்ச்சி. வசந்தா அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் சார், மூணு வேளையும் சாப்பிட்டுட்டு நல்லாத்தானே இருக்கா, இதுல வரையறுக்க என்ன இருக்கு?"

கோயில் மனை

அன்று சாயங்காலம் பிரபு வீடியோ காலில் விளக்கினார். அது முன்பு சோவியத் நாட்டோடு சேர்ந்திருந்த இடம். அந்தக் காலத்தில் இரினாவின் அப்பாவும் அம்மாவும் ரஷ்யாவிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்கள். நாடு தனியானபோது, சோவியத்துக்கு முன்பே அங்கே குடும்பம் இருந்தவர்களுக்குத்தான் தானாகக் குடியுரிமை. மற்றவர்கள் எஸ்தோனிய மொழியில் பரீட்சை எழுத வேண்டும். இரினாவின் அம்மா எழுதித் தேறவில்லை. அப்பா ரோஷத்தில் எழுதவே இல்லை. அதனால் அங்கேயே பிறந்த இரினாவுக்கும் குடியுரிமை இல்லை. மற்றபடி வேலைக்குப் போகிறாள், வரி கட்டுகிறாள், உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டும் போட்டிருக்கிறாள். பாராளுமன்றத்துக்கு மட்டும் போட முடியாது.

வசந்தா அம்மாவின் முகத்தில் திடீரென்று தெளிச்சல். "இதைச் சொல்ல இவ்வளவு நேரமா? எங்க தெருவு மாதிரி. வீடு எங்களுது, மனை கோயிலுது. வீட்டு வரி கட்டுறோம், கரண்டு இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு. பட்டா மட்டும் கிடையாது. வருஷா வருஷம் ஜமாபந்திக்கு மனு கொடுக்குறோம்" என்றார். மாதவன் சார், அது வேறு இது வேறு என்று சட்டம் பேச ஆரம்பித்தார். அம்மா அவரை லட்சியமே செய்யாமல் போனுக்குள் குனிந்து மகனிடம் சொன்னார்: "டேய், அவளைப் பயப்படாம இருக்கச் சொல்லு, நம்மளை யாரும் இதுவரைக்கும் காலி பண்ணச் சொல்லல."

நாடற்றவர்

ஆன்லைன் விசா இந்தப் பாஸ்போர்ட்டுக்கு இல்லை. தூதரகம் வழியாகத்தான் போக வேண்டும் என்று ஆனது. அந்தப் படிவத்தில் தேடித் தேடி 'நாடற்றவர்' என்றொரு வரியைக் கண்டுபிடித்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி பிரபுவிடம் சொன்னேன். அவர் திரும்பி இரினாவிடம் சொல்ல, அங்கே படபடவென்று ரஷ்ய மொழியில் பேச்சு. ஒரு கரண்டி மேசையில் விழுகிற சத்தமும் கேட்டது.

தப்பாக எதையாவது சொல்லிவிட்டேனோ? கொஞ்ச நேரம் கழித்து பிரபு திரும்பி வந்தார். "போட்டுக்கலாம் தங்கச்சி, வேற வழியில்லன்னா போட்டுக்கலாம். ஆனா அவ ஒண்ணு சொல்லச் சொல்றா: 'எனக்கு நாடு இருக்கு. அந்த நாட்டுக்குத்தான் நான் இல்ல.'"

வருகையின் நோக்கம்

அழைப்புக் கடிதம் வேண்டும் என்றார்கள். ஆங்கிலத்தில் நான் எழுத, அம்மா கையெழுத்துப் போட வேண்டும். வருகையின் நோக்கம்: சுற்றுலா என்று அடித்ததை வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சுத்திப் பாக்கவா வர்றா? தாலி பெருக்கிப் போட வர்றான்னு எழுது பாப்பா" என்றார்.

தூதரகத்தில் இருப்பவர்களுக்கு அதெல்லாம் புரியுமா என்றார் மாதவன் சார். அம்மா விடுவதாக இல்லை. கடைசியில் 'உறவினரைச் சந்தித்தல்' என்று போட்டு, கீழே நாலு வரியில் ஆடிப்பெருக்கைப் பற்றியும் எழுதினேன். அச்சடித்த தாளை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு அம்மா சொன்னார்: "அங்க ஒரு தமிழ் அதிகாரி இருந்தா போதும், மத்ததை அவரு பொண்டாட்டி பாத்துக்குவா."

காத்திருந்த ஆனி

ஆனி முழுக்க விசா வரவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பூதலூரில் நாற்று விட்டாகிவிட்டது. வசந்தா அம்மா மட்டும் சகதிக் காலோடு பஸ் ஏறி வந்து, கடை வாசலில் நின்று, உள்ளே வராமல் என் முகத்தைப் பார்ப்பார். நான் இல்லை என்று தலையசைப்பேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். போனில் கேட்டாலே போதுமே என்று ஒருநாள் மாதவன் சார் சொல்லிப் பார்த்தார். "போன்ல இல்லன்னு சொன்னா மனசு கேக்க மாட்டேங்குது சார், இந்தப் பொண்ணு தலையாட்டுனா கேக்குது."

ஆடி பிறந்து ஒரு வாரத்தில் விசா வந்தது. அன்றைக்கு நான் தலையசைக்கவில்லை, எழுந்து வாசலுக்கே ஓடிவிட்டேன்.

நட்சத்திர விடுதி

இரினாவும் பிரபுவும் திருச்சியில் இறங்கிய மறுநாள் காலையில் அம்மா இருவரையும் கடைக்கே அழைத்து வந்துவிட்டார். வெளிநாட்டவர் தங்குகிற வீட்டுக்காரர் உடனே ஆன்லைனில் தகவல் கொடுக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் விடுதிகளுக்கென்று செய்த படிவம் அது. நான் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். விடுதியின் பெயர்? எத்தனை அறைகள்? எத்தனை நட்சத்திரத் தரம்?

அம்மா அசரவில்லை. "பேரு வசந்தா இல்லம்னு போடு. ரூம்பு ஒண்ணு, கூடம் ஒண்ணு. தரத்துக்கு அவளையே கேளு" என்றார். பிரபு மொழிபெயர்த்தார். இரினா கொஞ்சம் யோசித்தாள். கையிலிருந்த கொசுக்கடிகளைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், பிறகு விமானத்தில் கற்றுக்கொண்ட தமிழில் நிதானமாகச் சொன்னாள்: "சாப்பாடு அஞ்சு. ஃபேன் ஒண்ணு."

படித்துறை விசாரணை

பதினெட்டாம் பெருக்கன்று திருவையாறு படித்துறைக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். காவிரி படி ஏறி நின்றது. காதோலை கருகமணி, காப்பரிசி, மஞ்சள் கயிறு எல்லாம் இலையில் பரப்பியாகிவிட்டது. வெள்ளைக்காரப் பெண் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தால் கூட்டம் கூடாமல் இருக்குமா? பக்கத்துப் படிகளிலிருந்து கேள்விகள் வந்தன. எந்த ஊர்? கூடப் பிறந்தவர்கள் உண்டா? ஊரில் நிலம் உண்டா? பிரபு மொழிபெயர்த்துக் களைத்துவிட்டார். "திருச்சி ஏர்போர்ட்டில்கூட இவ்வளவு கேட்கவில்லை" என்று இரினா சொன்னதாகச் சிரித்தார்.

அப்போது வசந்தா அம்மாவின் உறவுக்காரப் பெண் ஒருத்தி, அவர் காதருகே குனிந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அந்தக் கேள்வியைக் கேட்டாள்: "அதெல்லாம் சரி அத்தாச்சி, பொண்ணு என்ன ஆளுங்க?" பிரபுவின் முகம் மாறிவிட்டது. இரினா எங்கள் எல்லோருடைய முகத்தையும் பார்த்தாள். பாஸ்போர்ட்டை நீட்டும்போதெல்லாம் அவள் இப்படித்தான் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. வசந்தா அம்மா மஞ்சள் கயிற்றை நனைத்துப் பிழிந்துகொண்டே, தலை நிமிராமல் பதில் சொன்னார்: "அதை அந்த ஊரு சர்க்காராலயே எழுத முடியல, நீ எங்கேருந்து எழுதப்போற? தள்ளு, கயிறு மாத்தணும்."

கேட்டவள் தள்ளி உட்கார்ந்தாள். கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டும் ஒரு விண்ணப்பம் அந்த நிமிஷமே ஏற்கப்பட்டதை என் சர்வீசில் நான் பார்த்தது அந்தப் படித்துறையில் மட்டும்தான்.